கனலடுப்பும் சைவ விருந்தினரும்: ஒரு வரலாற்றுப் பார்வை



பள்ளி முகாம், குடும்ப தினம், ஆண்டிறுதி ஒன்றுகூடல் என எந்த நிகழ்ச்சியாயினும் ‘பார்பிகியூ’ வைக்கலாமே என்று கேட்கும் காலம் இது. ஏற்பாட்டுக் குழுவினர் கூடிக் கோழி எத்தனை கிலோ, மீன் எத்தனை கிலோ, கரி எத்தனை மூட்டை என்று நெடுநேரம் கணக்கிடுவர். கூட்டம் முடியும் தறுவாயில் ஒருவர், “சைவம் சாப்பிடுபவர்களுக்கு என்ன செய்வது?” என்று கேட்பார். “ரொட்டி இருக்கிறது, சாலட் இருக்கிறது, போதாதா?” என்று விடை வரும். அத்துடன் கூட்டம் கலையும்.

இந்தக் கேள்வியும் இந்த விடையும் நம் பள்ளிகளில் மட்டும் எழுந்தவை அல்ல. வெயிற்காலம் வந்ததும் வீட்டுத் தோட்டத்தில் கரியடுப்பு மூட்டி விருந்து வைப்பது மேலைநாட்டு வழக்கம். ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் நம் நாட்டுக்கு அது பின்னர் வந்து சேர்ந்தது. இறைச்சியே விருந்தின் நடுவிடம் என்று கருதிய அந்தச் சமுதாயம், இறைச்சி உண்ணாத விருந்தினரை எவ்வாறு நடத்தியது? எவ்வாறு நடத்தக் கற்றுக்கொண்டது? இவ்வரலாறு நமக்கும் பயன் தருவது. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

பரணில் பிறந்த சொல்

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘பார்பிகியூ’ என்னும் ஆங்கிலச் சொல் ஸ்பானிய மொழியின் ‘பார்பகோவா’விலிருந்து வந்தது. ஸ்பானியர்கள் அச்சொல்லைக் கரிபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ என்னும் பழங்குடி மக்களிடமிருந்து பெற்றனர். கழிகளை நட்டு, அவற்றின்மேல் குச்சிகளைப் பரப்பிக் கட்டிய மேடைதான் பார்பகோவா. அதன் அடியில் தீ மூட்டி மேலே மீனையும் இறைச்சியையும் வாட்டினர். ஆனால், அம்மேடையின் பயன் அது ஒன்று மட்டுமன்று. ஸ்பானிய வரலாற்றாசிரியர் ஓவியேதோ 1526இல் வெளியிட்ட நூலில், சோளக் கொல்லைகளில் பறவைகளை விரட்டச் சிறுவர்கள் ஏறி நிற்கும் மேடைகளுக்கும் இதே பெயரைக் குறிப்பிடுகிறார்.

தமிழாசிரியர்களுக்கு இது வியப்பையும் மகிழ்ச்சியையும் ஒருங்கே தரும். குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்தில் கிளி ஓட்டும் பெண்கள் ஏறியிருந்த பரணை நாம் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம் அல்லவா? அதே பரண்தான் இதுவும். இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. உலகின் இரு மூலைகளில் இருந்த உழவர்கள் ஒரே தேவைக்கு ஒரே வகை மேடையைக் கட்டினர் என்பதே செய்தி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மக்காச்சோளத்தைக் குறிக்கும் ‘மெய்ஸ்’ என்னும் சொல்லும், சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் குறிக்கும் ‘பத்தாத்தா’ என்னும் சொல்லும் அதே தைனோ மக்களின் மொழியிலிருந்தே உலகுக்குக் கிடைத்தன. மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் பிழிந்து, மண்கல்லில் சுட்ட ரொட்டியே அவர்களின் அன்றாட உணவு. கனலில் வாட்டிய சோளமும் கிழங்கும் அந்த அடுப்புக்குப் புறம்பானவை அல்ல. ‘பார்பிகியூ என்றால் இறைச்சிதானே’ என்று நாம் இன்று சொல்வது பிற்காலத்தில் ஏற்பட்ட எண்ணம்.

அந்த எண்ணம் வட அமெரிக்காவில் வலுப்பெற்றது. அங்குக் குடியேறிய ஐரோப்பியர்கள் குழி வெட்டி, முழு விலங்குகளை வாட்டிப் பெருங்கூட்டத்துக்கு விருந்து வைத்தனர். ஜார்ஜ் வாஷிங்டன் அத்தகைய விருந்துக்குச் சென்றதை 1769ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பின்னர் 1952இல் சிகாகோ பகுதியில் ஓர் உலோகத் தொழிற்கூடத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், கடலில் மிதக்கவிடும் உலோக மிதவையை இரண்டாக வெட்டி, மூடியுடன் கூடிய உருண்டை அடுப்பை உருவாக்கினார். ஊர்ப் பெருவிருந்து வீட்டுத் தோட்டத்துக்குள் வந்தது. பெருங்கூட்டத்தில் ஒருவர் உண்ணாமல் நின்றால் யாருக்கும் தெரியாது. பத்துப் பேர் கூடும் தோட்டத்தில் ஒருவர் வெறுந்தட்டுடன் நின்றால் எல்லாருக்கும் தெரியும்.

ஹோல்பர்ன் உணவகத்தில் ஒரு கேள்வி

இனி இங்கிலாந்துக்கு வருவோம். 1847ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் ராம்ஸ்கேட் என்னும் கடற்கரை ஊரில் சைவ உணவாளர் சங்கம் தோன்றியது. அதற்குமுன் புலால் உண்ணாதோரை ‘பைதகரஸ் வழியினர்’ என்று கிரேக்க அறிஞரின் பெயரால் அழைத்து வந்தனர். ‘வெஜிடேரியன்’ என்னும் பெயர் 1840களில்தான் பரவலாயிற்று. பெயர் வந்துவிட்டது. ஆனால், பந்தியில் இடம் கிடைத்ததா?

இதற்கு விடை தருபவர் காந்தியடிகள். 1888இல் பதினெட்டு வயது இளைஞராகச் சட்டம் படிக்க இலண்டனுக்குச் சென்றார். மதுவையும் மாதரையும் மாமிசத்தையும் தீண்டுவதில்லை என்று தாயாரிடம் உறுதி அளித்திருந்தார். அங்கு அவர் பட்ட பாட்டைச் ‘சத்திய சோதனை’யில் ஒளிவு மறைவின்றி எழுதியுள்ளார். காலையில் கஞ்சி கிடைக்கும். பகலிலும் இரவிலும் கீரையும் ரொட்டியும் பழப்பாகும்தான். இரண்டு மூன்று துண்டு ரொட்டிக்கு மேல் கேட்க அவருக்குக் கூச்சம். விருந்தோம்புவோர் கெட்டவர்கள் அல்லர். என்ன சமைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவருக்கோ கேட்க வாய் வரவில்லை. இந்த இரண்டுக்கும் இடையே ஓர் இளைஞர் அரைவயிற்றுடன் உறங்கினார்.

ஒரு நாள் நண்பர் ஒருவர் அவரை நாடகம் பார்க்க அழைத்தார். அதற்குமுன் ஹோல்பர்ன் என்னும் பெரிய உணவகத்தில் இருவரும் உணவருந்த அமர்ந்தனர். முதலில் சூப் வந்தது. அது எதில் செய்தது என்று காந்திக்குத் தெரியவில்லை. பரிமாறுபவரைச் சைகையால் அழைத்தார். நண்பர் காரணம் கேட்டார். இது காய்கறிச் சூப்தானா என்று கேட்க நினைத்ததாகக் காந்தி தயங்கித் தயங்கிச் சொன்னார். நண்பருக்குக் கோபம் மூண்டது. நாகரிகமான இடத்தில் நடந்துகொள்ளத் தெரியாவிட்டால் வெளியே போய் வேறெங்காவது சாப்பிட்டுவிட்டுக் காத்திருக்கும்படி கூறிவிட்டார். காந்தி வெளியே வந்தார். அருகிலிருந்த சைவ உணவகம் மூடிக் கிடந்தது. அன்றிரவு அவர் ஒன்றும் உண்ணவில்லை. பின்னர் நண்பருடன் நாடகத்துக்குச் சென்றார். இருவரின் நட்பும் கெடவில்லை.

முகம் மாறி நோக்கினாலே விருந்தினர் வாடிவிடுவர் என்று வள்ளுவப் பெருந்தகை விருந்தோம்பல் அதிகாரத்தில் உணர்த்துகிறார். அந்த மேசையில் காந்தி கேட்க நினைத்தது உணவு வேண்டும் என்றுகூட அன்று. ‘இதில் என்ன இருக்கிறது?’ என்பதுதான். அந்தக் கேள்வியே அநாகரிகம் என்று கருதிய காலம் அது.

இந்நிகழ்ச்சியைப் பலரும் அறிவர். இதன் தொடர்ச்சியை அறிந்தோர் குறைவு. 1891ஆம் ஆண்டு ஜூன் மாதம், இலண்டனின் வெயிற்காலத் தொடக்கத்தில், காந்தி தாயகம் திரும்பும் வேளை வந்தது. ஜூன் 12இல் கப்பல். அதற்குமுன் அவர் தம் சைவ நண்பர்களுக்குப் பிரிவு விருந்து அளிக்க எண்ணினார். சைவ உணவகத்திலேயே அதை வைத்திருக்கலாம். ஆனால், அசைவ உணவகத்திலும் சைவ விருந்து ஏன் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. அவர் தேர்ந்தெடுத்த இடம் எது தெரியுமா? அதே ஹோல்பர்ன் உணவகம்! மேலாளரிடம் முன்கூட்டியே பேசி, முழுமையான சைவ விருந்துக்கு ஏற்பாடு செய்தார். நண்பர்கள் இப்புதிய முயற்சியை மகிழ்ந்து வரவேற்றனர். நன்றியுரை ஆற்ற எழுந்தபோது மட்டும் கூச்சத்தால் அவருக்குப் பேச்சு வரவில்லை.

ஒரே உணவகம். ஒரு நாள் சைவ விருந்தினர் பசியோடு வெளியேறினார். இன்னொரு நாள் அவரே அங்குச் சைவ விருந்து படைத்தார். இடையில் மாறியது என்ன? சமையலறை மாறியதாகக் கொள்ள வேண்டியதில்லை. முன்கூட்டியே ஒருவர் பேசினார். இன்னொருவர் காது கொடுத்துக் கேட்டார். அவ்வளவுதான்.

சைவம் என்றால் எது?

காந்தியடிகளின் நூலில் இன்னொரு பாடமும் உண்டு. அன்றைய இங்கிலாந்தில் ‘புலால்’ என்பதற்கு மூன்று வகைப் பொருள் வழங்கியதாக அவர் குறிப்பிடுகிறார். விலங்கு, பறவை ஆகியவற்றின் இறைச்சி மட்டுமே புலால், மீன் ஆகும் என்றனர் சிலர். எல்லா உயிர்களின் இறைச்சியும் புலால், முட்டை ஆகும் என்றனர் வேறு சிலர். முட்டை, பால் உள்ளிட்ட யாவும் விலக்கு என்றனர் மூன்றாம் வகையினர். முதல் வகையை ஏற்றிருந்தால் அவர் மீனும் முட்டையும் உண்டிருக்கலாம். ஆனால், உறுதிமொழியைக் கேட்டுப் பெற்ற தாயார் என்ன பொருளில் கேட்டாரோ அதுவே தம்மைக் கட்டுப்படுத்தும் என்று முடிவு செய்தார். தாயாரின் கணக்கில் முட்டையும் புலால். ஆகவே முட்டையை விட்டார். சைவ உணவகங்களிலேயே பல இனிப்புகளில் முட்டை கலந்திருந்ததால், அங்கும் அவர் கேட்டுக் கேட்டே உண்ண வேண்டியதாயிற்று.

நூறாண்டுகளுக்கும் மேல் கடந்துவிட்டன. பொருள்களோ குறையவில்லை, கூடின. 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் பாலையும் முட்டையையும் அறவே விலக்குவோருக்கென ‘வீகன்’ என்னும் பெயரைச் சூட்டித் தனிச் சங்கம் அமைத்தனர். நம் அக்கம் பக்கத்தையே பாருங்கள். நம்மவர் பாலும் தயிரும் கொள்வர், முட்டையைத் தொடமாட்டார். பௌத்த நெறியில் சைவம் காக்கும் சீனர் பலர் வெங்காயமும் பூண்டும் உண்ணார். சமணர்களில் பலர் உருளைக்கிழங்கு முதலிய மண்ணடிக் கிழங்குகளையே விலக்குவர். பூண்டு தடவிச் சுட்ட உருளைக்கிழங்கு முதல்வருக்கு விருந்து. மற்ற இருவருக்கும் அது ஆகாது.

பங்கீட்டுக் காலம்

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் உணவுப் பங்கீடு வந்தது. 1940 ஜனவரியில் தொடங்கி 1954 ஜூலை வரை அது நீடித்தது. கடைசியாகப் பங்கீட்டிலிருந்து விடுபட்டது இறைச்சிதான். இறைச்சிக்கு இவ்வளவு தட்டுப்பாடு நிலவிய அந்நாளில், சைவ உணவாளர் தம்மைப் பதிவு செய்துகொண்டு இறைச்சிப் பங்கை விட்டுக் கொடுத்தால், அதற்கு ஈடாகக் கூடுதல் பாலாடைக்கட்டி பெறலாம் என்று அரசாங்கம் வழி செய்தது. காய்கறி உண்பவருக்குக் காய்கறி போதும் என்று விட்டுவிடவில்லை. இறைச்சியால் கிடைக்கும் சத்துக்கு மாற்றாக இன்னொரு சத்துணவைத் தந்தது. போர்க்கால அரசாங்கம் செய்த இந்தக் கணக்கை அமைதிக்கால விருந்துகள் பல செய்வதில்லை. கோழி தின்பவருக்குக் கோழி. தின்னாதவருக்கு வெள்ளரித் துண்டும் இலைக்கோசும் என்றால், அது மாற்று உணவு ஆகாது.

இறைச்சியின் உருவில் காய்கறி

வெயிற்காலக் கனலடுப்பில் சைவருக்கும் ஒரு துண்டு கிடைக்க வழி செய்தவர்களுள் கிரெகரி சாம்ஸ் என்பவர் குறிப்பிடத்தக்கவர். 1982இல் இலண்டனில் ‘வெஜிபர்கர்’ என்னும் பெயரில் இறைச்சியற்ற பர்கர் கலவையை விற்பனைக்குக் கொண்டு வந்தார். 1985இல் பூஞ்சை வகையிலிருந்து எடுத்த புரதத்தால் ஆன ‘குவார்ன்’ பிரிட்டனில் அறிமுகமானது. 1991இல் பாடகர் பால் மெக்கார்ட்னியின் மனைவி லிண்டா மெக்கார்ட்னி தம் பெயரில் சைவ உணவு வகைகளை வெளியிட்டார். இவற்றை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குவார்னைப் பிணைக்கத் தொடக்கத்தில் முட்டையின் வெண்கருவையே பயன்படுத்தினர். முட்டை சேராத வகைகள் பிற்காலத்தில்தான் வந்தன. பொட்டலத்தின் முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்து வாங்குவது முறையன்று.

இறைச்சி போன்ற சைவ உணவை மேலைநாட்டார் கண்டுபிடித்தனர் என்று எண்ணிவிடக் கூடாது. நம் சீன அண்டை வீட்டார் சிரிப்பார்கள்! தாங் அரசமரபின் இறுதிக் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், சுய் அன்சியென் என்னும் உயர் அதிகாரி சிச்சுவான் பகுதியை ஆண்டார். அவர் பௌத்த நெறியினர். பெரும்பாலும் புலால் தவிர்த்தவர். தம் கீழ்ப் பணிபுரிந்த அலுவலர்களுக்கு விருந்து வைத்தபோது, மாவையும் சேனைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்கையும் கொண்டு, நிறம் ஊட்டி, பன்றித் தொடை, ஆட்டுக்கால், சுட்ட இறைச்சி போலவே செய்து படைத்தாராம். அடுத்த நூற்றாண்டில் சுன் குவாங்சியென் தொகுத்த நூல் இதைச் சொல்கிறது. இங்கு நிலைமை தலைகீழ். சைவர்தான் விருந்து வைப்பவர், அசைவர்தான் விருந்தினர். தம் நெறியையும் விடாமல், விருந்தினர் நாவையும் ஏமாற்றாமல் இருக்க அவர் எடுத்த முயற்சியை எண்ணிப் பாருங்கள். நம் நகரங்களில் உள்ள சீன சைவக் கடைகளில் இன்று நாம் காணும் ‘வாத்து’, ‘மீன்’ யாவும் அந்த நெடிய மரபின் வழிவந்தவை.

ஒரே கம்பி வலை

மாற்று உணவு கிடைத்துவிட்டது. சிக்கல் தீர்ந்ததா? தீரவில்லை என்பதற்கு 2020ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்று. அவ்வாண்டு ஜனவரியில் பிரிட்டனின் பர்கர் கிங் நிறுவனம் ‘ரெபெல் வாப்பர்’ என்னும் தாவரப் பர்கரை அறிமுகப்படுத்தியது. மாட்டிறைச்சி அறவே இல்லை என்று விளம்பரமும் செய்தது. ஆனால், அந்தத் துண்டை இறைச்சி சுடும் அதே அடுப்பில்தான் சுட்டனர். அதன்மேல் இட்ட மயோனைஸிலும் முட்டை இருந்தது. புகார்கள் எழுந்தன. சைவருக்கு ஏற்றது என்னும் எண்ணத்தை இவ்விளம்பரங்கள் ஏற்படுத்துகின்றன, ஆகவே மக்களைத் தவறாக வழிநடத்துகின்றன என்று அந்நாட்டு விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு ஆணையம் ஏப்ரல் மாதம் தீர்ப்பளித்தது.

நாம் மனத்தில் கொள்ள வேண்டிய இடம் இதுவே. கனலடுப்பின் கம்பி வலையில் கோழியின் கொழுப்பு உருகி ஒட்டியிருக்கும். அதன்மேல் சோளத்தை வைத்தால், அச்சோளம் ஒரு சைவருக்குச் சோளம் அன்று. எண்ணெய் தடவும் தூரிகையும், திருப்பிப் போடும் இடுக்கியும் அப்படியே. ‘கொஞ்சம் பட்டால் என்ன?’ என்பது இறைச்சி உண்பவர் கேட்கும் கேள்வி. அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு பெரிது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் உண்பவரே.

நம் பள்ளி வளாகத்தில்

நிற்க. நம் சூழலுக்கு வருவோம். நம் ஆண்டிறுதி ஒன்றுகூடல்கள் பெரும்பாலும் கார்த்திகை, மார்கழி மாதங்களை ஒட்டியே வருகின்றன. ஐயப்ப விரதம் இருப்போர் அப்போது மிகுதி. ஆண்டு முழுவதும் அசைவம் உண்ணும் மாணவர் ஒருவர் அம்மாதத்தில் மாலை அணிந்து வருவார். வெள்ளிக்கிழமை மட்டும் சைவம் காக்கும் வீடுகளும் பல. ‘அவன் அசைவம்தானே, போன மாதம் சாப்பிட்டானே’ என்று நாமே முடிவு செய்வது பொருந்தாது.

பயிற்சிக் கல்லூரி நாள்களில் நாங்கள் சென்ற முகாம் ஒன்றில், சைவம் காத்த தோழியர் இருவர் வெண்ணெய் தடவிய ரொட்டியை உண்டுவிட்டு, மற்றவர்களுக்கு விசிறிக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் முறையிடவில்லை. முறையிடாமல் இருப்பதே நல்ல பண்பு என்று பெண்பிள்ளைகளுக்கு நாம் கற்றுக் கொடுத்திருந்தோம். காந்திக்கே பத்தொன்பது வயதில் கூடுதல் ரொட்டி கேட்க வாய் வரவில்லை என்றால், பத்து வயதுப் பிள்ளை கேட்குமா? பிள்ளை கேட்கவில்லை என்பதற்காகத் தேவை இல்லை என்று பொருள் கொள்ளலாகாது. நாம்தான் முந்திக் கேட்க வேண்டும்.

ஆகவே, ஏற்பாட்டுக் குழுவில் இருப்போருக்குச் சில பரிந்துரைகள்:

1. பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தில் ‘சைவம் / அசைவம்’ என்று மட்டும் கேளாமல், முட்டை, பால், வெங்காயம், பூண்டு ஆகியவற்றையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். அன்றைய நாளில் விரதம் உண்டா என்றும் கேளுங்கள்.

2. சைவத்துக்குத் தனி அடுப்பு வையுங்கள். இயலாவிட்டால் புதிய கம்பி வலை ஒன்றும் தனி இடுக்கியும் தனித் தூரிகையும் போதும். சைவத்தை முதலில் சுட்டு எடுத்துவிடுங்கள்.

3. வயிறு நிறையும் உணவாக இருக்கட்டும். மசாலா தடவிய பன்னீர், தௌஹு, தெம்பே, காளான், குடைமிளகாய், கத்திரிக்காய், சோளம், சர்க்கரைவள்ளி, மரவள்ளி யாவும் கனலுக்கு ஏற்றவை. தௌஹுவை நீர் வடித்து, சிறிது எண்ணெய் பூசிச் சுட்டால் வலையில் ஒட்டாது.

4. குழம்பையும் தொட்டுக்கொள்ளும் சாற்றையும் மறவாதீர்கள். கச்சான் குழம்பில் இறாலோ பெலாச்சானோ கலந்திருக்கக் கூடும். சம்பலும் அவ்வாறே.

5. சைவ உணவை எண்ணிக்கைக்குச் சற்று மிகுதியாகவே செய்யுங்கள். மணம் வந்தால் அசைவர்களும் அதையே முதலில் எடுப்பர். இறுதியில் சைவருக்கு ஒன்றும் மிஞ்சாது.

வரலாற்றைப் படிப்பது தேர்வுக்காக மட்டுமன்று. சப்பானியர் ஆட்சிக் காலத்தில் நம் முன்னோரின் உயிரைக் காத்த மரவள்ளிக் கிழங்கு தைனோ மக்களின் அன்றாட ரொட்டி என்பதை அறிந்த பிள்ளை, அதைக் கனலில் சுட்டுத் தந்தால் இளக்காரமாகப் பாராது. ஹோல்பர்ன் உணவகக் கதையை அறிந்த பிள்ளை, ‘இதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்கும் தோழனைக் கேலி செய்யாது. நன்னெறிக் கல்வி பாடநூலில் உண்டு. கரியடுப்பின் அருகிலும் உண்டு.

திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம், புலான்மறுத்தல் இருபத்தாறாம் அதிகாரம். முன்னது இல்லறத்தாருக்கு, பின்னது துறவறத்தாருக்கு என்று நூலில் இடம் வகுத்திருக்கிறது. நம் வீட்டு முற்றத்திலும் பள்ளித் திடலிலும் இவ்விரண்டு அதிகாரங்களும் ஒரே அடுப்பின் முன் வந்து நிற்கின்றன. புலால் மறுப்பது விருந்தினரின் நெறி. அந்நெறிக்கு ஊறு வாராமல் அவர் வயிற்றை நிறைப்பது விருந்து வைக்கும் நம் கடமை.

அடுத்த ஏற்பாட்டுக் குழுக் கூட்டத்தில், கோழிக் கணக்கிற்கு முன்பே சைவக் கணக்கைப் போடுங்கள். கேள்வி கூட்டத்தின் முடிவில் எழுவதற்கு மாறாகத் தொடக்கத்திலேயே எழட்டும்.